மூன்றாம் தட்டு

மருந்துக்கடை ஒன்றின் அலமாரிகளை எந்த நியாயத்தின்படி அடுக்குகிறார்கள் என்று, வெளியில் நின்று மருந்து வாங்கிப் போகிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வலிப்பு, இருதயம் முதலான கனத்த வியாதிகளுக்கு வைத்தியர் சீட்டெழுதிக் கொடுக்கும் மருந்துகளெல்லாம் கடையின் உட்புறத்தில், கம்பெனி வாரியாகவோ அகரவரிசைப்படியோ பெட்டிகளில் அடங்கிக் கிடக்கும். அவற்றைத் தேடி நாங்கள்தான் போக வேண்டும். சீட்டில்லாமல் ஜனங்கள் தாமாகவே விரலை நீட்டிக் கேட்கிற சரக்கோ, கல்லாவுக்கு நேர் பின்னால், வந்து நிற்கிறவரின் கண்மட்டத்தில், விளக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற தட்டில் வீற்றிருக்கும். எங்கள் கடையில் அது கீழிருந்து மூன்றாவது தட்டு. கும்பகோணத்துக் கடைத்தெருவில் மருந்தாளுநனாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்தத் தட்டைப் பற்றிச் சில விஷயங்களை எழுதிவைக்கலாம் என்று தோன்றிற்று.

நான் மருந்தியல் டிப்ளமா முடித்து வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்ட காலத்தில், மீன் எண்ணெய் மாத்திரைகளும், வாட்டர்பரீஸ் காம்பவுண்டும், பி காம்ப்ளக்ஸ் புட்டிகளும், இரும்புச்சத்து டானிக்குகளும் அங்கே வாசம் செய்தன. "உடம்பு தேற ஏதாவது கொடுங்க" என்றும், "ரத்தம் ஊறுற மாதிரி டானிக் ஒண்ணு" என்றும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு "இதுக்குப் பசியே எடுக்க மாட்டேங்குதுங்க" என்றும் கேட்பார்கள். இன்றைக்கு அதே தட்டில் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வில்லைகளும், மிட்டாயைப் போல் மெல்லும் கம்மிகளும், நெகிழிக் குடுவைகளில் பொடிகளும் நிற்கின்றன. வருகிறவர்களும், பள்ளிக்கூடத்துப் பையன் முதல் பேரன் பேத்தி எடுத்தவர் வரை, "இம்யூனிட்டிக்கு எது சார் நல்லது?" என்று ஒரே குரலில் கேட்கிறார்கள். உடம்பு தேற வேண்டும் என்றவரிடம் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்கலாம்; ரத்தம் ஊற வேண்டும் என்றவரிடம் ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்று கேட்கலாம். எதிர்ப்பு சக்தி வேண்டும் என்பவரிடம் கேட்பதற்கு அவ்வாறு ஒற்றை எண் எதுவும் கிடையாது. எந்தப் பரிசோதனைச் சாலையிலும் ஒரு மனிதனுடைய எதிர்ப்பு சக்தி இத்தனை என்று அளந்து சீட்டில் எழுதித் தர முடியாது. அளக்க முடியாத ஒன்றைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் சரக்கை விற்பது எத்தனை சௌகரியமான வியாபாரம் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

நம் சரீரத்தின் பாதுகாப்பு ஏற்பாடு, கூடக்கூட நல்லது என்று சொல்லத்தக்க வஸ்து அன்று. அது குறைந்தால் கிருமிகள் ஜெயிக்கின்றன. வரம்பு மீறிப் பெருகினாலோ, குறி தவறினாலோ, தன் சொந்த உறுப்புகளையே அது தாக்கத் தொடங்குகிறது. ருமட்டாய்டு மூட்டுவாதம், காளாஞ்சகப்படை, லூபஸ், குழந்தைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை வியாதி இவை அனைத்தும் அந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவை. ஒவ்வாமைத் தும்மலும் இழைப்பும் அதற்கு ஒன்றுவிட்ட உறவினர். பாய்கிற அணுக்களைக் கடிவாளமிட்டு நிறுத்தும் வேறு சில அணுக்கள் ரத்தத்தில் உண்டென்று ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995-ல் காட்டினார். அந்தக் கடிவாள அணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் 2001-ல் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 2025-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முடுக்குவதற்கு அணுக்கள் இருப்பதைப் போலவே அடக்குவதற்கும் அணுக்கள் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு பரிசும் கொடுத்தாகிவிட்டது. ஆயினும் எங்கள் தட்டில் உள்ள குடுவைகளில் 'பூஸ்டர்' என்ற சொல் மட்டும் இன்னும் அழிந்தபாடில்லை.

இந்தத் தத்துவத்தை நான் புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாக, திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பேரனுக்கு வயிற்றுப்போக்கு, குழந்தை வைத்தியர் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் எழுதியிருந்தார். அட்டையின் மேல் 'சிங்க் சல்பேட்' என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தவர், "ஏன் சார், இது நாங்க வயலுக்குப் போடுற சிங்க்கில்ல?" என்றார். அதேதான், மருந்துத் தரத்தில் சுத்தி செய்தது, என்றேன். ஏக்கருக்குப் பத்துக் கிலோ கணக்கில் நடவுக்கு முன் இறைக்கும் உப்பும், பேரனுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் கொடுக்கும் உப்பும் ஒரே ஜாதி என்றதும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. "மண்ணுல சிங்க் இல்லாட்டி பயிரு துருப்புடிச்ச மாதிரி நிக்கும். அதுக்குத்தான் போடுறோம். இருக்கிற மண்ணுல கொண்டு கொட்டுனா தண்டச் செலவு. யூரியாவ அள்ளி அள்ளிப் போட்டாக்க பயிரு கறுகறுன்னு வரும், பின்னாடியே புகையான் வந்து படுத்துடும்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு, சத்து மாத்திரையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டி வந்த சமயங்களிலெல்லாம் நான் அவருடைய வயலைத்தான் இரவல் வாங்கிக் கொண்டிருக்கிறேன்.

குறை உள்ள இடத்தில் கொடுத்தால் எத்தகைய பலன் விளையும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய சாட்சியம் ஒன்று இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் பள்ளி செல்லும் வயதை எட்டாத பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கலந்த திரவமும் மற்றொரு பகுதியினருக்கு அது கலவாத திரவமும் ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தனர். வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல், அதாவது 54 சதவீதம், குறைந்திருந்தது. 1990-ல் இம்முடிவு வெளியாயிற்று. வாரம் எட்டாயிரத்துச் சொச்சம் யூனிட் என்கிற அற்ப அளவுதான் கொடுத்தார்கள். பணக் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். கீரையும் பாலும் முட்டையும் போதிய அளவு கிட்டாத வீட்டுக் குழந்தைகளின் சரீரத்தில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தை அது நிரப்பிற்று. இன்றும் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசாங்கம் கரண்டியில் ஊற்றித் தருகிற வைட்டமின் ஏ மஞ்சள் திரவத்தை, 'ஓசியில் தருவது என்னவோ' என்று சந்தேகித்துத் தவிர்த்துவிட்டு, என் கடையில் வந்து நானூறு ரூபாய்க்குக் கம்மி வாங்கிப் போன பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

துத்தநாகத்தின் கதையும் இதையொத்ததே. மனிதனுக்குத் துத்தநாகக் குறை என்று ஒன்று உண்டு என்பதையே, பீகாரிலிருந்து அமெரிக்கா சென்ற ஆனந்த பிரசாத் என்ற வைத்தியர், ஈரானில் ஷிராஸ் நகரில், வளர்ச்சி குன்றிய வாலிபர்களைப் பார்த்து 1960-களின் தொடக்கத்தில்தான் ஊகித்தார். தானியத்தையே பிரதானமாகத் தின்னும் ஏழை ஜனங்களிடம் அந்தக் குறை மிகுதி. ஆகவேதான் 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குக் கரைசலோடு 10 முதல் 14 நாள் வரை துத்தநாகம் கொடுக்கச் சொல்லின. நாள் கணக்கு முடிந்ததும் நிறுத்த வேண்டியதாகிய இதனை, வயது வந்தவர்கள் வருஷக்கணக்கில் விழுங்குவதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுங்காலம் போனால், குடலில் தாமிரம் ஏறுவதை அது தடுக்கும்; தாமிரம் குறைந்தால் வெள்ளணுக்களே குறையும்; எதிர்ப்பு சக்தி வேண்டித் தொடங்கிய காரியம் எதிர்ப்பு சக்தியின் மூலதனத்திலேயே கை வைத்துவிடும்.

குறை இல்லாத இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சியம் இருக்கிறது. பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆண்கள் இருபத்தொன்பதாயிரம் பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியில், காரட்டில் உள்ள அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்திருக்க, அது 18 சதவீதம் கூடியிருந்தது 1994-ல் தெரியவந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான மற்றொன்றை 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சிகரெட்டுப் பெட்டி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்க, 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. சிலர் மாத்திரையை விட்டார்கள். சிகரெட்டை விட்டவர்கள் அவர்களிலும் சொற்பம்.

வைட்டமின் சி விஷயத்தில் ஜனங்களைக் குறை சொல்வது நியாயமாகாது. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் என்கிற மேதையே 1970-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதி, ஜலதோஷத்துக்கு அதுவே மாற்று என்று உலகத்தை நம்பச் செய்துவிட்டார். பின்னர் நடந்த பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினந்தோறும் சாப்பிடுகிறவர்களுக்கும் ஜலதோஷம் வருகிறபடியேதான் வருகிறது. பெரியவர்களுக்கு அது நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைகிறது. அதாவது ஏழு நாள் சளி, ஆறரை நாளில் போகும். மாரத்தான் ஓடுகிறவர்கள், பனிப்பிரதேசத்தில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் போன்ற கடுந்தேக உழைப்பாளிகளுக்கு மட்டும் ஜலதோஷம் வருவதே பாதியாகக் குறைகிறதாம். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்து மாரத்தான் ஓடுகிறவர்கள் அதிகம் இல்லை. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் நூறு கிராமுக்கு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இந்தச் சத்து கிடக்கிறது; ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது நூறுக்கும் கீழே. எங்கள் கடைக்கு எதிரே ஒரு பாட்டி கூடையில் கொய்யா வைத்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார். மாத்திரை கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேரை அந்தப் பக்கம் கை காட்டி அனுப்பியிருக்கிறேன். அதனால் முதலாளியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

வைட்டமின் டி பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மூன்றாம் தட்டில் நான் அதிகம் பயந்த பொருள் அதுதான். நம் வெயிலில் அதற்குக் குறை ஏது என்று தோன்றும்; ஆனால் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைந்து கிடப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் குறை இருப்பது மெய்யே. அந்தக் குறையைத் தீர்க்க வைத்தியர்கள் எழுதுவது 60,000 யூனிட் கொண்ட ஒரு கேப்சூல் அல்லது ஒரு பொட்டலம், வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம். நாளொன்றுக்கு வேண்டியது 600 யூனிட். ஆக அந்தச் சிறிய கேப்சூலுக்குள் நூறு நாளைய தேவை அடங்கியிருக்கிறது. நீரில் கரைந்து சிறுநீரோடு போய்விடும் ஜாதியன்று இது. கொழுப்பில் தங்கி, மிகுந்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்தை ஏற்றிவிடும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம், கடைசியில் சிறுநீரகச் சேதம் என்று அதன் போக்கு விபரீதமானது. ஓர் அட்டையில் நான்கு கேப்சூல் இருப்பதைக் கண்டால், நான்கு நாளைக்கு என்று நினைத்துக்கொள்ளாதவர் யார்? மூட்டு வலிக்காக அதை வாங்க வந்த அம்மாள் ஒருவர், நான் விவரம் சொல்லி முடித்ததும், "வாரத்துக்கு ஒண்ணுன்னா எப்ப தம்பி கேக்குறது? நான் தினம் ஒண்ணு போட்டுக்கிறேனே, சீக்கிரம் சரியாயிடும்" என்று மிகவும் பிரியத்தோடு சொன்னார். அன்றிலிருந்து அந்த அட்டையைச் சும்மா எடுத்துக் கொடுக்கிற வழக்கத்தை விட்டேன். கத்தரிக்கோலால் ஒவ்வொரு கேப்சூலையும் தனித்தனியே வெட்டி, தனித்தனிச் சிறு கவரில் போட்டு, 'ஞாயிறு மட்டும்' என்று தடித்த பேனாவால் எழுதித் தருவேன். அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டேன். எட்டு வாரம் முடிந்தும் அதே பழைய சீட்டை நீட்டிக்கொண்டு வருகிறவர்களை, ரத்தம் பரிசோதித்துக்கொண்டு வைத்தியரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

வைட்டமின் டி சுவாசத் தொற்றைத் தடுக்குமா என்ற கேள்விக்கு, 2017-ல் இருபத்தைந்து பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து வெளிவந்த ஆராய்ச்சி, கடுமையான குறை உள்ளவர்களுக்கு, தினமோ வாரமோ சிறிய அளவில் கொடுத்தால் நன்மை உண்டென்றும், ஒரேயடியாகப் பெரிய அளவில் ஊற்றினால் நன்மை இல்லையென்றும் சொல்லிற்று. பிற்பாடு நடந்த பரிசோதனைகளையும் சேர்த்துக் கூட்டியபோது அந்த நன்மையும் தேய்ந்து போயிற்று. விவசாயி சொன்ன மண்ணின் நியாயம்தான் இங்கேயும்: குறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி, புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், அது படம் வரைகிறவருடைய வேலை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால், அந்தச் சரக்கு சட்டத்தின் கண்ணில் மருந்தே ஆகாது, உணவு. அதே பக்கத்தில் எங்காவது 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதையும் காணலாம், அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் கவசம் தரித்த வீரனும், பின்பக்கத்தில் இந்த வாசகமும் ஒரே புட்டியில் குடியிருப்பதை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு மருந்துக்கடை நல்ல பொழுதுபோக்கு. அடுத்தபடி அளவு. 'துத்தநாக குளுக்கோனேட் 50 மி.கி.' என்றிருந்தால் அதில் துத்தநாகம் சுமார் 7 மி.கி. மட்டுமே, '20 மி.கி. தனிமத் துத்தநாகம்' என்றிருந்தால் முழுதாக 20. கம்மிப் புட்டியில் எழுதியிருக்கும் அளவு ஒன்றுக்கா இரண்டுக்கா என்று பார்க்க வேண்டும். 'மூலிகைக் கலவை 500 மி.கி.' என்று பன்னிரண்டு பெயர்களை வரிசையாக அடுக்கி, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத சரக்கை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. பன்னிரண்டில் பதினொன்று பெயருக்கு ஒரு சிட்டிகை இருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். சத்துப் பொடி ஒன்று, மல்டிவைட்டமின் ஒன்று, கால்சியத்தோடு சேர்ந்த வைட்டமின் டி ஒன்று, முடி கொட்டாமலிருக்க ஒன்று என்று நான்கு புட்டியிலிருந்தும் ஒரே சத்து ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேருகிற வீடுகள் அநேகம்.

மூலிகைகளின் பேரில் எனக்குத் துவேஷம் கிடையாது. எங்கள் தெருவிலேயே நாட்டு மருந்துக்கடைக்காரர் ஒருவர் உண்டு. அவரும் நானும் பகல் வெயிலில் வியாபாரம் ஓய்ந்த நேரங்களில் பேசிக்கொண்டிருப்போம். டெங்கு பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கபசுரக் குடிநீரும் அரசாங்கமே காய்ச்சிக் கொடுத்தபோது, ஒன்பது சரக்கு, பதினைந்து சரக்கு என்று எண்ணி நிறுத்துக் கொடுத்தது அவருடைய தராசு. 'சீந்தில் கேட்டு வருகிறவன் கொடியைப் பார்த்ததில்லை. கொண்டுவந்து போடுகிறவன் எந்த வேலியில் அறுத்தானோ!' என்று அவரே அலுத்துக்கொள்வார். அந்தச் சீந்திலின் விஷயத்தில், மும்பையில் கொரோனாக் காலத்தில் அதை எதிர்ப்பு சக்திக்காக அருந்தி ஈரல் வீங்கி மஞ்சள் பூத்து வந்த ஆறு பேரைப் பற்றி 2021-லும், தேசத்தின் பதின்மூன்று மருத்துவமனைகளில் கண்ட 43 பேரைப் பற்றி 2022-லும் ஈரல் வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்களில் பலருடைய ஈரலைத் தாக்கியது, தூண்டிவிடப்பட்ட அவர்களுடைய சொந்தப் பாதுகாப்பு ஏற்பாடே என்பது அவ்வைத்தியர்களின் கருத்து. அது அசல் சீந்தில் அன்று, அதைப் போன்ற வேறு கொடி என்று ஆயுஷ் அமைச்சகம் ஆட்சேபித்தது. எது எப்படியாயினும், வாங்குகிறவன் கையில் இருப்பது பொடி. பொடியைப் பார்த்துக் கொடியைச் சொல்லக்கூடிய ஞானம் எனக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை.

ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற ஆசிரியை ஒருவர் மாதாமாதம் எங்களிடம் வருவார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாக ஒரு பெரிய குடுவையைப் பையிலிருந்து எடுத்து, எத்தனை கரண்டி என்று கேட்டார். சீந்தில், அமுக்கரா, எக்கினேசியா என்று அதில் வரிசை போயிற்று. அவருடைய விரல் மூட்டுகளைத் தின்றுகொண்டிருந்தது அவருடைய எதிர்ப்பு சக்திதான். வாரம் ஒருமுறை அவர் விழுங்கும் மருந்து அதைக் கட்டிப் போடுவதற்காகவே. "எதிர்ப்பு சக்தி கூடினா நல்லதுதானே சார்? புள்ள ஆசையா அனுப்பிருக்கான்" என்றார். "டீச்சர், உங்களுக்கு அது கூடினதாலதான் இந்த வியாதியே. டாக்டர் கிட்டக் காட்டாம இதத் தொறக்காதீங்க" என்று சொல்லி, குடுவையின் மூடிமேல் வைத்தியரின் பெயரை எழுதி ஒட்டி அனுப்பினேன். வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இதைவிடக் கடுமையாக.

கொரோனாக் காலத்தில் துத்தநாகமும் வைட்டமின் சியும் கேட்டு நின்ற வரிசையை இந்த ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டாக்கிஸ்ட்டிடம் பத்துப் பெட்டி கேட்டால் ஒன்று வரும். அதையும் ஆளுக்கு ஓர் அட்டை என்று பங்கிட்டோம். அந்த இரண்டையும் மிகப் பெரிய அளவில் தனித்தனியாகவும் சேர்த்தும் 214 நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து, நோய்க்குறிகள் தணியும் நாளில் வித்தியாசம் இல்லை என்று 2021 பிப்ரவரியில் எழுதினார்கள். அந்த வரிசையில் நின்றவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாத பயத்தில், கைக்கு எட்டிய ஒரு காரியத்தை அவர்கள் செய்தார்கள்.

ஆனால் கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரசாங்கம் விலை கட்டிய அத்தியாவசிய மருந்துகளில் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம்தான் லாபம். மூன்றாம் தட்டுச் சரக்குகளுக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால் அந்தச் சரக்கின் பிரதிநிதி தோல் பையோடு வந்து, பத்து எடுத்தால் இரண்டு இலவசம், முப்பது எடுத்தால் மேஜைக்குப் பரிசு என்று ஸ்கீம் பேசுவார். கடை வாடகையும் கரண்டுக் கட்டணமும் அந்தத் தட்டிலிருந்துதான் வருகின்றன என்று என் முதலாளி சொன்னதில் பொய் இல்லை. வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: கேட்காமலே ஒரு புட்டியை எடுத்து உங்கள் முன் வைக்கும் கடைக்காரர், உங்கள் உடம்பை மட்டும் நினைத்து அதைச் செய்கிறார் என்று கொள்ள வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, யாருக்குத்தான் கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும். மேலே சொன்ன குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ, துத்தநாகம். மாமிசம், முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கும், மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பரிசோதித்துப் பார்த்து பி12. ரத்தத்தில் குறை தெரிந்தவர்களுக்கு வைட்டமின் டி. பல் போய், ருசி போய், அரைவயிறு உண்ணும் முதியவர்களுக்கு, சாப்பாட்டைச் சீர்செய்து பார்த்த பிறகு, அளவான மல்டிவைட்டமின். மற்றவர்களுக்கு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், இரவு தூங்குவதும், பருப்பும் முருங்கைக் கீரையும் முட்டையும் இலையில் விழுவதும், வயதானால் ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், என் தட்டில் உள்ள எதைக் காட்டிலும் அதிகம் செய்யும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தைராய்டு மாத்திரையை இரும்பு, கால்சியம் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் ஏறாது, நான்கு மணி இடைவெளி வேண்டும். சில கிருமிக்கொல்லி மருந்துகளைத் துத்தநாகம் கட்டிப் போட்டுவிடும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின், தைராய்டுப் பரிசோதனையின் முடிவையே பொய்யாகக் காட்டும். வைத்தியர் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது, சத்து மாத்திரை மருந்தில்லை என்று நினைத்து 'இல்லை' என்று சொல்லிவிடுகிறீர்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போதோ மருந்துக்கடைக்கு வரும்போதோ, சீட்டோடு, வீட்டிலிருக்கும் அத்தனை சத்துப் புட்டிகளையும் பொடிகளையும், பாதி தீர்ந்தவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்து, இது எனக்குத் தேவையா என்று கேளுங்கள்.